குடாப்பு நகர்ந்தது, கோழிகள் நகரவில்லை

வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு செப்டிக் டேங்க் கட்ட வேண்டி வந்தது. பொடக்காலியில் அதற்குத் தோதான இடம் ஒன்றுதான்: வேப்பமரத்தடியில் கோழிகள் இரவில் அடையும் குடாப்பு நின்ற இடம். ஆகவே அதை இடித்துவிட்டு, முப்பது அடி தள்ளி வேலியோரமாகப் புதிதாக ஒன்று கட்டினேன். கட்டுவது சீக்கிரம் முடிந்துவிட்டது. கோழிகளை அதில் குடியேற்றுவதுதான் இழுத்தது. இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அந்தக் குடியேற்றம்தான்.

ஊர் ஈரோடு மாவட்டம், பவானி பக்கம். கோழிகள் எல்லாம் சிறுவிடை என்கிற நாட்டு இனம். ஒன்பது பெட்டை, ஒரு சேவல். பழைய குடாப்பு தாத்தா காலத்தில் செங்கல்லும் மண்ணும் வைத்து எழுப்பி மேலே பலகைக்கல் போட்டது. இடுப்பு உயரம்தான் இருக்கும். உள்ளே கையை விட்டுத் துழாவி முட்டை எடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் அடியில் ஈரம் ஊறும், செள்ளுப்பூச்சி பிடிக்கும். மண்வெட்டியைச் சாய்த்துச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலையை வீட்டில் யாரும் விரும்பியதில்லை. இடிக்கும்போது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

கட்டிய விதம்

புதியது ஆறடி நீளம், நாலடி அகலம். கால்கள் ஜிஐ பைப், தரையிலிருந்து இரண்டடி தூக்கல். அடியில் தடிமனான பழைய பிளைவுட், அதன் மேல் நெல் உமி. வலைக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ். கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது அறுகோணக் கண் போட்ட கோழி வலையைத்தான். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது. கீரி, பாம்பு பயம் உள்ள இடத்தில் கண் சின்னதாக, கம்பி முறுக்காமல் வெல்டு வைத்ததாக இருப்பதுதான் நல்லது. கதவுக்குக் கொண்டி மட்டும் போதாது என்று கீழேயும் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன்.

ஆடிக் காற்று எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அறையும். அதனால் மேற்கையும் தெற்கையும் தகரத்தால் முழுக்க அடைத்துவிட்டு, கிழக்கே கதவு, வடக்கே வலை என்று வைத்தேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி வெளியேற அது கட்டாயம் வேண்டும். கோழியின் மூச்சுக்குழல் அந்த நெடியைத் தாங்காது.

உள்ளே உட்கார இரண்டு சவுக்குக் கட்டைகள், பட்டை உரிக்காமல், ஏறத்தாழ இரண்டங்குலப் பருமனில். ஒரு கோழிக்கு எட்டிலிருந்து பத்து அங்குலம் என்று கணக்கு வைத்தால் பத்துக்கும் தாராளம். ஒரு கட்டை உயரத்தில், இன்னொன்று ஓரடி கீழே, படி மாதிரி. முட்டையிட மூன்று பழைய பதினைந்து கிலோ எண்ணெய் டின்கள். ஒரு பக்கத்தை வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து அடித்து, படுக்கவைத்து வைக்கோல் திணித்தேன். டின்கள் கட்டைகளைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கோழி தூங்குவதற்கு எப்போதும் உயரமான இடத்தைத்தான் தேடும். டின் மேலே இருந்தால் அதற்குள் படுத்து எச்சம் போட்டு வைக்கும்.

எல்லாம் ஆனதும் அம்மாயி வந்து சுற்றிப் பார்த்தார். “நல்லாத்தான் கட்டியிருக்கற கண்ணு. ஆனா அதுக எடத்தையில்ல பாக்கும், கூட்டையா பாக்கும்?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆறரை மணி

பழைய குடாப்பை ஒரு காலையில் இடித்தோம். கோழிகள் பகல் முழுக்க அந்தக் கல்லையும் மண்ணையும் கிளறிக்கொண்டிருந்தன. அடியில் இருந்த கரையானும் பூச்சியும் அவற்றுக்கு அன்றைக்கு விருந்து. இடிந்ததைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

வெளிச்சம் இறங்கியதும் ஒவ்வொன்றாக வேப்பமரத்தடிக்கு வந்தன. குடாப்பின் கதவு இருந்த இடத்துக்கு நேராக, எப்போதும் வரிசை கட்டுகிற மாதிரியே நின்றன. முன்னால் செவலை, அதன் பின்னால் கருப்பி, கடைசியில் வழக்கம்போலப் புள்ளி. செவலை இல்லாத வாசலுக்குக் குனிந்து தலையை நீட்டியது, இரண்டடி உள்ளே போனது, திரும்பி வெளியே வந்தது. ‘உள்ளே’ என்று நான் சொல்வது வெறும் மண்தரையை. ஆனால் அது சுவர் இருந்த எல்லைக்குள்தான் திரும்பியது. கருப்பியும் அதையே செய்தது. நன்றாக இருட்டியபோது பத்தும் பழைய சுவர்கள் இருந்த பரப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டன. பத்தடியில் செங்கல் குவியல் இருந்தது, உயரமான இடம்தான். அதன் மேல் ஒன்றுகூட ஏறவில்லை.

இருட்டிய பிறகு கோழியைப் பிடிப்பது எளிது. அதன் கண் பகலுக்கானது. நிறம் பிரித்துப் பார்ப்பதில் நம்மைவிடக் கெட்டி, புற ஊதாக் கதிர்கூட அதற்குத் தெரியும். மங்கல் வெளிச்சத்தில் மட்டும் தடுமாறிப் போகும். இரண்டிரண்டாகத் தூக்கி வந்து புதிய கட்டைகளில் வைத்தேன். முனகலோடு சரி.

காலையில் திறந்துவிட்டேன். மாலையில் மறுபடியும் வேப்பமரத்தடி.

இப்படியே தினமும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் பழகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோழிக்கு அதில் தெரியவருவது ஒன்றுதான்: வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் யாரோ வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். புதிய கூண்டுக்கு நடந்து போகும் வழியை அது கற்றுக்கொள்வதில்லை.

அடைத்து வைத்தது

அதனால் சில நாள் வெளியே விடாமல் அடைத்தே வைத்தேன். தண்ணீர், கம்பு, குருணை எல்லாம் உள்ளேயே. முதல் நாள் பெரிய அமர்க்களம். வலையோரமாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடையாக நடந்தன. அவை நடந்த தடத்தில் உமி விலகி பிளைவுட் தெரிந்தது. புள்ளியின் முதுகில் இறகு பிடுங்கியிருந்தது.

மேயப் போகும் கோழி பகலில் பெரும்பாலான நேரம் கிளறுவதும் கொத்துவதுமாகத்தான் இருக்கும். கிளற இடம் இல்லாவிட்டால் அந்தக் கொத்து அடுத்த கோழியின் மேல் விழும். அதனால் அகத்தி, முருங்கைக் கிளைகளைத் தலைக்குக் கொஞ்சம் மேலே எட்டிக் கொத்துகிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். கம்பைத் தட்டில் வைக்காமல் உமிக்குள் தூவினேன். பாதிச் சண்டை அதிலேயே அடங்கியது.

மீதிச் சண்டை கட்டைக்கு. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று வரிசை உண்டு என்பதை முதலில் முறையாக எழுதிவைத்தவர் நார்வேக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெரூப் எப்பே. சிறுவனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கி, 1921இல் அதையே முனைவர் பட்ட ஆய்வாக்கினார். அந்த வரிசை பழைய குடாப்பிலும் இருந்தது. ஆனால் அங்கே எல்லாம் ஒரே தரையில் படுத்ததால் வெளியே தெரியவில்லை. இங்கே மேல் கட்டை, கீழ்க் கட்டை என்று நானே இரண்டு தரம் உண்டாக்கி வைத்திருந்தேன். எல்லாக் கோழிக்கும் மேல் கட்டைதான் வேண்டும். செவலை நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கொத்தும், தள்ளப்பட்டது கீழே விழும், மறுபடி ஏறும். இருட்டும்வரை இதே கூத்து. கீழ்க் கட்டை காலியாகவே கிடந்தது.

கீழ்க் கட்டையைக் கழற்றி மேல் கட்டைக்குச் சம உயரத்தில், ஒன்றேகால் அடி இடைவெளி விட்டுக் கட்டினேன். ஏறுவதற்கு மட்டும் ஒரு சாய்பலகை, குறுக்கே சட்டம் அடித்து. அன்று மாலையே சத்தம் குறைந்தது. செவலையும் கருப்பியும் ஒரு கட்டையில், புள்ளியும் இன்னும் சிலதும் எதிர்க் கட்டையில். சேவல் மட்டும் தினம் ஒரு கட்டை.

முட்டைக் கணக்கு

இடம் மாறினால் முட்டை நிற்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் நிற்பதற்கு முன்னால் வந்த முட்டைகள்தான் வேடிக்கை. கருப்பி இட்டது ஒன்று, ஓட்டின் மேல் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைப் பொடி. இன்னொன்று ஒரு பக்கம் தட்டையாக அமுங்கி இருந்தது. ஒரு நாள் காலை கட்டைக்கு நேர் கீழே உமியில் ஓடே இல்லாமல் தோல்முட்டை விழுந்து கிடந்தது.

முட்டை உருவாகி வெளியே வர ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலாகும். அதில் சுமார் இருபது மணி நேரம் ஓடு படிவதற்கு மட்டும். கோழி மிரண்டுபோனால் இடவேண்டிய முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளும். உள்ளேயே இருக்கும் முட்டைமேல் சுண்ணாம்புச் சத்து இன்னொரு படலம் படியும். பின்னால் அடுத்த முட்டை வந்து இடித்தால் தட்டையாகும். மிரட்சியில் ஓடு படிவதற்குள்ளேயே தள்ளிவிடுவதும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் கோழிக்கு நோவு வந்துவிட்டது, மருந்து கொடு என்றார். கோழிகள் நன்றாகத் தின்றன, எச்சம் சரியாக இருந்தது, கொண்டையும் சிவப்பு மாறவில்லை. மருந்து எதுவும் கொடுக்காமல் கிளிஞ்சல் தூளை மட்டும் ஒரு சிரட்டையில் வைத்தேன். தோல்முட்டை அதோடு நின்றது. பொடி பூசிய முட்டை இன்னும் சில வந்து அப்புறம் தானாக நின்றுபோனது.

டின்களில் ஒவ்வொரு பிங்பாங் பந்து போட்டு வைத்தேன். அம்மாயி ஒரு நிஜ முட்டையை எடுக்காமல் விட்டு வைக்கச் சொல்வார். பந்தும் அதே வேலையைச் செய்யும், கெட்டுப் போகாது, வெயிலில் கூமுட்டையாகி வெடிக்காது. ஒன்பது கோழியும் முதலில் தேர்ந்தெடுத்தது நடு டின்னைத்தான். மற்ற இரண்டும் அச்சு அசல் அதே டின், அதே வைக்கோல். செவலை உள்ளே உட்கார்ந்திருக்க, கருப்பி வெளியே நின்று கேறிக்கொண்டே இருக்கும். பொறுக்க முடியாமல் செவலையின் முதுகின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். இதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. செய்து பயனும் இல்லை.

மறுபடியும் திறந்துவிட்டபோது

கட்டையும் டின்னும் பழகிவிட்டன என்று தோன்றியதும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது கதவைத் திறந்தேன். தூரம் போகும் முன் இருட்டிவிடும் என்ற கணக்கு. அதற்குள் வேப்பமரத்தடியில் குழி தோண்டியாகிவிட்டது. இரவில் யாரும் விழக் கூடாது என்று குழியின் மேல் தகரத்தைப் போட்டு, சுற்றிலும் முள் வைத்திருந்தோம்.

இந்த முறை பாதி வெற்றி. பத்தும் வேலியோரம் வந்தன, புதிய கூண்டின் கதவுக்கு எதிரே வரிசையாக நின்றன. செவலை சாய்பலகையில் ஏறிக் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது. பார்த்தது, பார்த்தது, இறங்கிவிட்டது. பின்னால் இருந்ததெல்லாம் அதோடு இறங்கின. சேவல் கூண்டுக்கும் குழிக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் சில முள்ளைத் தாண்டி அந்தத் தகரத்தின் மேல் உட்கார்ந்தன. கருப்பி எக்செல் வண்டியின் சீட்டில். புள்ளி முருங்கை மரத்தில்.

அடுத்தடுத்த மாலைகளிலும் இதே கதை. வழி தெரிந்திருக்கிறது, வாசல்வரை வருகிறது, உள்ளே போக மறுக்கிறது. என்னவென்று பார்க்க, செவலை நின்ற பலகைக்குப் பக்கத்தில் குனிந்து அது பார்த்த பக்கமே நானும் பார்த்தேன். உள்ளே கும்மிருட்டு. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. சூரியன் கூண்டின் முதுகுக்குப் பின்னால், மேற்கே. அந்தப் பக்கம்தான் ஆடிக் காற்றுக்காக முழுத் தகரம். பழைய குடாப்பின் கதவு மேற்குப் பார்த்தது; அடைகிற நேரத்து வெயில் நேராக உள்ளே விழும். மங்கலில் தடுமாறுகிற கண்ணை வைத்துக்கொண்டு இருட்டுக்குள் கால் வைக்க எந்தக் கோழிதான் துணியும்?

அன்றைக்கே உள்ளே ஒரு சின்ன பேட்டரி விளக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சம், ரொம்ப மங்கல். செவலை ஏறியது, பார்த்தது, போய்விட்டது. பின்னாலேயே கருப்பி, அப்புறம் மற்றதெல்லாம் நெருக்கிக்கொண்டு. கட்டையில் உட்கார்ந்து அடங்கியதும் விளக்கை அணைத்தேன்.

தினமும் விளக்கு வைத்துக்கொண்டிருக்க முடியாது. மேற்குத் தகரத்தில் கட்டைக்கு மேலாக ஓரடிக்கு மூன்றடி வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி போல வெளிச்சம் விடும் ஃபைபர் ஷீட்டை வைத்து ரிவிட் அடித்தேன். காற்று வராது, அந்தி வெளிச்சம் வரும். இந்த மொத்த வேலையிலும் செலவுக்கு மேல் பலன் கொடுத்தது அந்த ஒரு துண்டு ஷீட்தான். புதிதாகக் கூண்டு கட்டுகிறவர்கள் அளவையும் வலையையும் யோசிப்பதற்கு முன்னால், சாயங்காலம் உள்ளே எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும் என்று ஒரு தடவை நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் பகலின் நீளம் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. டிசம்பரில் பதினொன்றரை மணி நேரம், ஜூனில் பன்னிரண்டே முக்கால். ஆனால் சூரியன் மறையும் நேரம் நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன், ஜூலையில் ஏழை ஒட்டி. கோழி கடிகாரத்தைப் பார்த்து அடைவதில்லை, வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அடையும். ஆறரைக்குக் கதவைச் சாத்துவேன் என்று நாம் ஒரு நேரம் வைத்துக்கொண்டால் ஒரு பருவத்தில் கோழி வெளியே நிற்கும், இன்னொரு பருவத்தில் கீரி முந்திக்கொள்ளும்.

நடுவில் ஒரு நாள் கொத்தனார் குழி வேலையை முடிக்க இரவு எட்டு மணிவரை ஃபோகஸ் லைட் போட்டிருந்தார். கோழிகள் அந்த வெளிச்சத்தில் விழுந்த பூச்சியைப் பொறுக்கிக்கொண்டு அடையவே இல்லை. கோழிக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் தெரிவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள்ளும் ஒளியை உணரும் செல்கள் உண்டு. லைட்டை வேலிப் பக்கம் விழாமல் திருப்பி வைக்கச் சொன்னேன், அடைந்துவிட்டன. சேவல் மட்டும் இந்தக் குழப்பம் எதையும் கண்டுகொள்ளாமல் விடியலுக்கு முன் அதன் நேரத்துக்குக் கூவியது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013இல் காட்டியது இதைத்தான்: வெளிச்சமே மாறாத அறையில் அடைத்து வைத்தாலும் சேவல் தன் உடம்புக்குள் ஓடும் கடிகாரப்படி கூவும். எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் இதை ஒரு நற்குணமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போதைய நிலை

ஒன்பது உருப்படி ஒழுங்காக அடைகின்றன. புள்ளி இன்னும் முருங்கை மரம்தான். எல்லாம் உள்ளே போன பிறகு வாசல்வரை வரும், செவலை உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுக்கும், திரும்பிவிடும். தூக்கி வைத்தால் காலைவரை சமாதானமாக இருக்கிறது. மரத்தில் வெருகுப்பூனை பயம் உண்டு, அதனால் இதை அப்படியே விட முடியாது. எதிர்க் கட்டையின் கடைசியில் ஒரு பிளைவுட் தடுப்பு வைத்துப் பார்க்கப் போகிறேன். செவலையின் பார்வை படாவிட்டால் உள்ளே வரும் என்று நினைக்கிறேன்.

குழி வேலை முடிந்தபோது ஜல்லியோரம் கிடந்த கொத்தனாரின் இரும்புச் சட்டியில், மணலுக்குள் நாலு முட்டை. அதுவும் சரியாகப் பழைய குடாப்பின் மூலை இருந்த இடத்தில். யார் வேலை என்று இரண்டு காலை மறைந்து நின்று பார்த்தேன், கருப்பிதான். சட்டியைக் கேட்டு வாங்கி, மணலோடு அப்படியே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூண்டுப் பக்கம் நகர்த்தினேன். கருப்பி சட்டியோடு சேர்ந்து வந்தது. இப்போது அது நாலாவது டின்னாகக் கூண்டுக்குள் இருக்கிறது. கொத்தனாருக்குப் புதுச் சட்டி வாங்கிக் கொடுத்தாயிற்று.

நடு டின்னில் செவலை அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. இருபத்தொரு நாளில் குஞ்சு வரும், அப்புறம் தாயையும் குஞ்சையும் தனியாக வைத்தாக வேண்டும். இந்தத் தடவை பஞ்சாரத்தை, அதாவது கோழி கவிழ்க்கும் கூடையை, முன்கூட்டியே கொண்டுவந்து கூண்டுக்கு அடியில், மேற்கு வெளிச்சம் படுகிற பக்கமாகக் கவிழ்த்து, ஒரு பக்கம் செங்கல் வைத்துத் தூக்கி விட்டிருக்கிறேன். அதற்குள் யாரோ ஏற்கெனவே முட்டை இடத் தொடங்கிவிட்டார்கள்.